ரொம்பச் சுத்தமான கணக்கு

என் வேலை கணக்குத் தணிக்கை. இருபது வருடமாக அடுத்தவர் எழுதிய எண்களைப் படித்துச் சம்பளம் வாங்குகிறேன். அடித்தல் திருத்தலோடு வரும் கணக்கு எனக்கு அவ்வளவாகக் கவலை தராது. எல்லாத் தொகையும் இரண்டு சைபரில் முடிந்து, ஒரு ரசீதுகூடத் தொலையாமல், வருடம் முழுக்க ஒரே மையில் எழுதிய புத்தகம் வந்தால்தான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாக உட்காருவேன்.

இவ்வளவு தெரிந்த ஆள்தான் ஓட்டத்தில் ஏமாந்தேன்.

நாற்பது வயதில் ஓட ஆரம்பித்தேன். முதல் ஆறு மாதம் எனக்கு வாத்தியார் போனுக்குள் இருந்த ஒருவர். தினமும் 10 கிலோமீட்டர், நூறு நாள், ஒரு நாள்கூட ஓய்வு கிடையாது என்று ஒரு சவால் நடத்தினார். விடியற்காலை வெளிச்சம், மேலிருந்து டிரோன் எடுத்த காட்சி, வியர்வையே இல்லாத முகம். 'சாக்குச் சொல்லாதே' என்பது அவருடைய கோஷம். வாரத்துக்கு மூன்று நாள், மூன்று நாலு கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்த நான் அதில் சேர்ந்தேன். பத்தொன்பதாம் நாள் இடது காலில், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில், ஓர் இடத்தில் விரல் வைத்தாலே உயிர் போனது. இருபத்திரண்டாம் நாள்வரை ஓடினேன். சாக்குச் சொல்லக் கூடாதே! ஸ்கேன் எடுத்தால் எலும்பில் மயிரிழை விரிசல். எட்டு வாரம் ஓட்டம் கிடையாது.

காலை உடைத்தது அவர் இல்லை, என் புத்திதான். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சும்மா உட்கார்ந்திருந்த அந்த எட்டு வாரத்தில் தொழில் புத்தி திரும்பி வந்துவிட்டது. ஓட்டங்களைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியில் அவருடைய பக்கத்தைத் திறந்து, லெட்ஜர் பார்ப்பதுபோல ஒவ்வொரு நாளாகப் புரட்டினேன். நூறு நாளில் 33 நாளுக்கு வரைபடமே இல்லை. கையால் உள்ளிட்ட பதிவுகள். அதை மட்டும் வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது. டிரெட்மில்லில் ஓடினாலும் வரைபடம் வராது, கடிகாரத்தில் சார்ஜ் தீர்ந்து போவதும் உண்டு. ஆனால் 33 பதிவிலும் தூரம் 10.00. நேரம் 50:00. இரண்டு சைபர்! தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன்.

அப்புறம் எனக்கு இது ஒரு வியாதி மாதிரி ஆகிவிட்டது. ஓட்டத்தில் நடந்த பித்தலாட்டக் கதைகளைத் தேடித் தேடிப் படித்தேன். 1980 பாஸ்டன் மராத்தானில் பெண்கள் பிரிவில் ரோஸி ரூயிஸ் 2:31:56-ல் முதலாவதாக வந்தார். பாதையில் நின்ற கவனிப்பாளர்கள் யாரும் அவரைப் பார்த்ததாக நினைவில்லை. முடிவுக்கோட்டில் அவ்வளவாக வியர்க்கவும் இல்லை. கடைசிக் கொஞ்ச தூரத்துக்குத்தான் கூட்டத்திலிருந்து உள்ளே புகுந்திருக்கிறார் என்று தெரிந்து, எட்டு நாள் கழித்துப் பட்டத்தைப் பறித்து ஜாக்லின் கரோவுக்குக் கொடுத்தார்கள். இப்போது பெரிய மராத்தான்களில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை டைமிங் மேட் (சிப்பைக் கண்டு நேரம் பதியும் பாய்) விரித்திருக்கிறார்கள், நம்பர் அட்டையில் சிப் இருக்கிறது. குறுக்கே போனால் ஒரு மேட்டில் பதிவு விழாது. அல்லது 25-ஆவது கிலோமீட்டருக்கும் 30-ஆவதுக்கும் நடுவே அந்த ஆள் தன் வாழ்நாள் ஐந்து கிலோமீட்டர் சாதனையை முறியடித்திருப்பார்.

கடிகாரம் வந்த பிறகு பொய்யும் கடிகாரத்துக்குள் போய்விட்டது. 2017-ல் அமெரிக்காவில் ஓர் அரை மராத்தானில் இரண்டாவதாக வந்த பெண் ஒருவர், பாதையைச் சுருக்கிவிட்டு, பிறகு அதே வழியில் சைக்கிளில் போய் ஜிபிஎஸ் பதிவு தயாரித்தார். நிமிடத்துக்கு எத்தனை காலடி என்ற கேடன்ஸ் எண் ஓட்டத்துக்குப் பொருந்தவில்லை. முடிவுக்கோட்டில் எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால் அவர் கைக்கடிகாரத்தில் 11.65 மைல். ஓட வேண்டியது 13.1. அவரே பிறகு ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். 2016-ல் அமெரிக்காவைக் குறுக்கே ஓடிக் கடந்து சாதனை படைக்கப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஓட்டக்காரர் ராபர்ட் யங் கதையிலும் அடி எண்ணிக்கைதான் காட்டிக்கொடுத்தது. அவருக்கு ஸ்பான்சர் செய்த நிறுவனமே இரண்டு நிபுணர்களை வைத்து ஆராய்ந்தது. தூரத்துக்கும் அடிக்கும் பொருத்தமில்லை, வாகன உதவி இருந்திருக்க வேண்டும் என்று அறிக்கை வந்தது. அவர் கடைசிவரை மறுத்தார்.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் ஒரு போலீஸ்காரனாக மாறினேன். மாறி, தப்பான ஆளைப் பிடித்தேன்.

நான் பின்தொடரும் ஒரு பெண் மராத்தான் முடித்துவிட்டுக் கடிகாரத்தைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். பேஸ், அதாவது ஒரு கிலோமீட்டருக்கு ஆன நேரம், 4:58. நான் கணக்குப் போட்டேன்: 42.195 கிலோமீட்டருக்கு 4:58 என்றால் 3:29:34 வர வேண்டும். போட்டியின் அதிகாரப்பூர்வ முடிவில் அவர் நேரம் 3:32:05. இரண்டரை நிமிடம் இடிக்கிறது. வெற்றிக் களிப்போடு செய்தி அனுப்பினேன். 'மேடம், ஒரு சின்னச் சந்தேகம்' என்று ஆரம்பித்து, நடுவில் 'விளக்கம்' என்ற வார்த்தையை வேறு போட்டிருந்தேன். அலுவலகப் பழக்கம்.

அவர் கோபப்படவில்லை. "படத்தில் தூரத்தையும் பாருங்க சார்" என்று மட்டும் பதில் போட்டார். 42.7.

மராத்தான் பாதையை அளப்பவர்கள் அளவு சரிபார்த்த சைக்கிளில், ஒவ்வொரு திருப்பத்திலும் மிகக் குறுகிய கோட்டைப் பிடித்து அளக்கிறார்கள். குறைந்துவிடக் கூடாதென்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடுதலாகவும் சேர்க்கிறார்கள். ஓடுகிறவர் கூட்டத்தில் வளைந்து நெளிந்து போகிறார், திருப்பத்தில் வெளிப்பக்கம் போகிறார், உயரமான கட்டடங்களுக்கு நடுவில் ஜிபிஎஸ் கொஞ்சம் உளறுகிறது. ஆகையால் மராத்தானில் கடிகாரம் 42.195-க்கு மேல் காட்டுவது சகஜம். 4:58-ஐ 42.7-ஆல் பெருக்கினால் 3:32:05. நொடி பிசகவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல சார், நீங்க மூணாவது ஆள்" என்றார். அதற்கு ஒரு கைகொட்டும் பொம்மை போட்டேன், வேறு என்ன போடுவது என்று தெரியாமல்.

அதற்குப் பிறகு பொய்யைத் தேடிப் போவதைக் குறைத்துக்கொண்டேன். அவருடைய பழைய பதிவுகளைத்தான் பொறுமையாகப் படித்தேன். மராத்தானை ஐந்து நிமிட பேஸில் ஓடுகிறவர், வாரத்தில் முக்கால்வாசி நாள் ஆறரையில் ஓடியிருக்கிறார். உலகத் தர ஓட்டக்காரர்கள், படகு வலிப்பவர்கள், பனிச்சறுக்குக்காரர்கள் எல்லாருடைய பயிற்சிக் குறிப்பையும் ஆராய்ந்த ஸ்டீஃபன் சைலர் என்ற விஞ்ஞானி, அவர்கள் பயிற்சியில் ஏறக்குறைய 80 சதவீதம் மெதுவான பயிற்சி என்று எழுதியிருக்கிறார். மெதுவான ஓட்டத்தை வீடியோவில் பார்க்கச் சகிக்காது. அதனால்தானோ என்னவோ ரீல்களில் எல்லாரும் எப்போதும் பாய்ந்துகொண்டே இருக்கிறார்கள். போன பிப்ரவரியில் அந்தப் பெண்ணின் பக்கத்தில் பதினேழு நாள் வெற்றிடம். 'குதிகால் வலி, ஃபிசியோ ஓட வேண்டாம் என்கிறார்' என்று ஒரே வரி. ஷூவைப் பற்றி எழுதும்போது அடிப்பாகத்தைத் திருப்பிக் காட்டுகிறார், 640 கிலோமீட்டர் தேய்ந்தது. என் பழைய வாத்தியார் ஆறு வாரத்தில் ஆறு ஜோடியைக் காட்டி, ஆறும் தன் ஓட்டத்தையே மாற்றிவிட்டதாகச் சொன்னவர். எல்லாவற்றிலும் அடிப்பாகம் பளபளவென்று இருந்தது.

சரி, உண்மையாக ஓடுகிறவர் சொல்வதெல்லாம் சரியா? அங்கேயும் ஒரு முறை மாட்டினேன். 2:40-ல் மராத்தான் ஓடும் ஒருவர். மேட் பதிவுகள் எல்லாம் சுத்தம், உழைப்பில் குறையே சொல்ல முடியாது. நிமிடத்துக்கு 180 அடி வைக்காதவன் காலை உடைத்துக்கொள்வான் என்றார். ஏற்கெனவே உடைத்துக்கொண்டவன் ஆயிற்றே, தாளம் தட்டும் மெட்ரோனோம் போட்டுக்கொண்டு இரண்டு வாரம் தத்தித் தத்தி ஓடினேன். மூச்சு வாங்கியதுதான் மிச்சம். அந்த 180 எங்கிருந்து வந்தது? ஜாக் டேனியல்ஸ் என்ற பயிற்சியாளர் 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஓட்டக்காரர்களின் அடிகளை எண்ணினார். கிட்டத்தட்ட எல்லாரும் 180 அல்லது அதற்கு மேல். அது ஒலிம்பிக் ஓட்டக்காரர்கள், போட்டி வேகத்தில் ஓடியபோது எண்ணியது. நான் ஏழு நிமிட பேஸில் நகரும் ஆள். ஃபிசியோ என் நடையைப் பார்த்துவிட்டு, இப்போது இருப்பதைவிட ஐந்து சதவீதம் கூட்டினால் போதும் என்றார். 156 இப்போது 164 ஆகியிருக்கிறது. அந்த 2:40-காரரை இன்னும் பின்தொடர்கிறேன். அவர் ஓட்டத்தை நம்புகிறேன், யோசனையை ஃபிசியோவிடம் காட்டிவிட்டுத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

போன மாதம் ஒரு விபரீத ஆசை வந்தது. என் சொந்தப் பக்கத்தையே அந்நியன் பக்கம்போலத் தணிக்கை செய்தேன். 'ஈஸி ரன்' என்று தலைப்பிட்ட பதினான்கு ஓட்டங்களில் ஒன்பதில் நாடித்துடிப்பு 165-க்கு மேல். ஏற்றம் வந்த இடத்திலெல்லாம் கடிகாரத்தை நிறுத்தி, மூச்சு திரும்பியதும் மறுபடி தட்டியிருக்கிறேன். ஓடிய நேரம் 52 நிமிடம், உண்மையில் கடந்த நேரம் 71. அதைவிட மோசம், பேஸ் அசிங்கமாக இருந்ததால் மூன்று ஓட்டங்களை முழுதாக அழித்திருக்கிறேன். வாடிக்கையாளர் ஒருவர் ரசீதைக் கிழித்துப் போட்டார் என்றால் நான் எவ்வளவு பக்கம் எழுதுவேன்! எனக்கு இருப்பது 41 ஃபாலோயர். அதில் நாலு பேர் என் உறவினர்கள், அவர்கள் யாரும் ஓடுவதில்லை.

நேற்று வீட்டு வாசலுக்கு வந்து நின்றபோது கடிகாரத்தில் 7.94. வழக்கமாக இந்த இடத்தில் நான் தெருவில் முன்னும் பின்னும் நடந்து 8.00 ஆக்கிவிட்டுத்தான் பொத்தானை அமுக்குவேன். கை ஒரு நொடி நின்றது. அமுக்கிவிட்டு உள்ளே போனேன்.