மவுஸை விட்டுக் கையை எடுங்க: இ-சேவை மையத்துக்கு ஆள் பழக்கிய அனுபவம்

இ-சேவை தரும் பொதுச் சேவை மையம் நடத்த டிஇசி என்ற தொழில்முனைவோர் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். நான் எழுதியபோது கட்டணம் 1,479 ரூபாய். வீட்டிலேயே உட்கார்ந்து ஆன்லைனில் எழுதித் தேறிவிட்டேன். ஒழுங்காகப் படித்தால் அதில் கஷ்டம் ஒன்றும் இல்லை.

கஷ்டம் கடை திறந்த மூன்றாம் நாள் வந்தது. ஓர் அப்பத்தா ஸ்மார்ட் கார்டை நீட்டி, "பேத்திக்கு வருமானச் சர்டிபிகேட் போடணும்த்தா" என்றார். கேன் நம்பர், அதாவது விண்ணப்பிப்பவரின் பதிவு எண், எடுக்கப் போனால் ஓடிபி திருப்பூரில் இருக்கும் மகன் போனுக்குப் போகிறது. அவர் ஷிப்டில் இருக்கிறார், போனை எடுக்கவில்லை. கடையில் பின்னால் நாலு பேர். டிஇசி தேர்வில் இந்தக் கேள்வி வரவில்லை.

பிறகு ஒருநாள் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். எண்பது பேர், ஒரு புரொஜக்டர், மதியம் எலுமிச்சைச் சாதம். திரையில் ஓடியதை எல்லாரும் போனில் படம் பிடித்தோம். நான் அந்தப் படங்களை இன்றுவரை திறந்து பார்க்கவில்லை. அன்று எனக்கு உருப்படியாகக் கிடைத்தது சாப்பாட்டு வரிசையில்தான். முன்னால் நின்ற அக்கா ஒருவர், "ஸ்கேன் பண்ணும்போதே நூறு டிபிஐ, கிரே வச்சிடு. 200 கேபிக்குள்ள அடங்கிடும். அப்புறமா உட்கார்ந்து சுருக்கிக்கிட்டு இருக்காதே" என்றார். துல்லியத்தை (டிபிஐ) குறைத்து, கலர் இல்லாமல் ஸ்கேன் செய்தால் ஃபைல் சின்னதாகிவிடும், அவ்வளவுதான். அரை நிமிஷப் பாடம். அதற்கப்புறம் ஒரு நாளில் எனக்கு ஒரு மணி நேரமாவது மிச்சம்.

அந்த அக்காவையும் பக்கத்து ஊர்க்காரர்கள் மூன்று பேரையும் சேர்த்துக்கொண்டு மாதத்தின் முதல் சனிக்கிழமை சாயங்காலம் கூட ஆரம்பித்தோம். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளையும் இப்போது அங்கேதான் பழக்குகிறோம். பாடத்திட்டம் கிடையாது. ஆளுக்கு ஒரு நிராகரிக்கப்பட்ட விண்ணப்பம் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். அதற்கு வந்த நிராகரிப்புக் குறிப்பை ஒருவர் எழுத்து மாறாமல் வாசிப்பார். காரணம் என்னவாக இருக்கும் என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். கொண்டுவந்தவர் கடைசிவரை வாய் திறக்கக் கூடாது.

ஒருமுறை முதல் பட்டதாரி சான்றுக்கான விண்ணப்பம் ஒன்று வந்தது. "குடும்ப விவரம் சரியில்லை" என்று திரும்பியிருந்தது. ஸ்கேன் தெளிவில்லை என்றார் ஒருவர். தாத்தா பாட்டி விவரம் விட்டுப்போயிருக்கும் என்றார் இன்னொருவர். புதிதாக வந்திருந்த பெண் மட்டும் தயங்கித் தயங்கி, "அக்கா யாராச்சும் கல்யாணமாகிப் போயிருப்பாங்களோ?" என்றாள். அதேதான். விண்ணப்பித்த பையனின் அக்கா பி.எஸ்சி. முடித்தவர். கல்யாணத்துக்குப் பிறகு ரேஷன் கார்டில் பெயர் நீக்கியாகிவிட்டது. கார்டை மட்டும் பார்த்துப் பதிந்தால் தம்பிதான் முதல் பட்டதாரி. ஆனால் கார்டில் பெயர் இல்லாததால் அக்கா பட்டதாரி இல்லை என்று ஆகிவிடுமா? அன்றிலிருந்து விண்ணப்பக் கட்டணம் 60 ரூபாய் வாங்குவதற்கு முன்னால் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "கட்டிக்கொடுத்த பொண்ணு இருக்கா?" இதை எந்த ஸ்லைடிலும் நான் பார்த்ததில்லை. கண்டுபிடித்தவள் வேலைக்குச் சேர்ந்து இருபது நாள்கூட ஆகாதவள்.

இனி மவுஸ் விஷயம். சொல்லிக்கொடுக்கிறவர் மவுஸைத் தொடவே கூடாது என்பது எங்கள் விதி. கேட்பதற்குச் சின்னதாகத்தான் இருக்கும், கடைப்பிடித்துப் பாருங்கள்! எதிரில் இருப்பவர் கர்சரை மானிட்டர் முழுக்க அலையவிடும்போது நம் கை தானாக நீளும். "இங்க கொடு தம்பி" என்று வாங்கி நாமே முடித்துவிடுவோம். நமக்கு வேலை முடிந்தது, அவனுக்கு ஒன்றும் ஏறவில்லை. என் அத்தை புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் தொண்டராக இருந்தவர். 1991-இல் அங்கே எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்களே, அதில் ஒருவர். "சீட்டுல நான் உக்காந்துக்கிட்டு ஓட்டிக் காட்டினா அவளுக்கு எப்படிடீ வரும்? கேரியரைப் பிடிச்சுக்கிட்டு பின்னாலயே ஓடணும்" என்பார். முந்தின வாரம் பழகியவள் அடுத்த வாரம் இன்னொருத்திக்குக் கேரியர் பிடிப்பாளாம். அதையே நாங்களும் வைத்துக்கொண்டோம். போன மாதம் சேர்ந்தவர்தான் இந்த மாதம் சேர்ந்தவருக்குச் சொல்லித்தருவார். எங்கே தடுமாறினோம் என்பது அவருக்குத்தான் இன்னும் மறந்திருக்காது. எனக்கு மறந்துபோச்சு.

இந்த முறையில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. அதை வெட்டியவளும் நான்தான். ஓடிபிக்காக மகனையும் மருமகனையும் தேடிச் சலித்துப்போய், கேன் பதிவில் என் நம்பரையே போட ஆரம்பித்தேன். வேலை சரசரவென்று ஓடியது. சனிக்கிழமை பெருமையாக வேறு சொல்லிவைத்தேன். அடுத்த மாதம் பார்த்தால் ஐந்து மையத்திலும் அதே கதை. நல்லதைவிட குறுக்குவழி வேகமாகப் பரவுகிறது. ஓர் அம்மாவின் விண்ணப்பத்துக்குக் கூடுதல் ஆவணம் கேட்டு வந்த எஸ்எம்எஸ் என் போனில், நூறு எஸ்எம்எஸ்ஸுக்கு அடியில் கிடந்தது. அவர் பன்னிரண்டு நாள் கழித்து நேரில் வந்து, "என்னத்தா ஆச்சு?" என்று கேட்டபோதுதான் பார்த்தேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு இரண்டு காரியம் செய்தோம். யார் எந்த உத்தி சொன்னாலும் "இதனால் விண்ணப்பதாரருக்கு என்ன நஷ்டம்?" என்று ஒருவர் கேட்டே ஆக வேண்டும், அந்த வேலை சுழற்சியில் வரும். இரண்டாவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரை உட்கார வைக்கிறோம். முதல் அரை மணி நேரம் அவர் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. முதல் தடவை அவருக்கு அது பெரிய தண்டனை.

வாட்ஸ்ஆப் குழுவும் இருக்கிறது. ஆதார், ரேஷன் கார்டு, சான்றிதழ் படம் எதுவும் அதில் போடக் கூடாது. சந்தேகத்தைக் குரல் பதிவாகப் போட்டால் போதும்.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால் கணினி இரண்டு போதும், ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நிராகரிப்புக் குறிப்பு, நாம் செய்த திருத்தம், கடைசியில் சான்று கிடைத்ததா இல்லையா என்று பக்கத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆள் ஐந்தாறு பேருக்கு மேல் வேண்டாம். எங்களிடம் ஒருமுறை பன்னிரண்டு பேர் வந்துவிட்டார்கள், பின்வரிசையில் இருந்த நாலு பேர் கடைசிவரை போன்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.