மரம் குடித்த மழை

ஹாட் யாய் நகரில் நான் வேலை பார்த்தது நான்கு ஆண்டுகள், 2010 முதல் 2014 வரை. தென் தாய்லாந்தில், சொங்க்லா மாகாணத்தில், மலேசிய எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்த ஊர். சிறு விவசாயிகளிடம் ரப்பர் பால் வாங்கிப் பக்குவப்படுத்தி ஏற்றுமதி செய்யும் ஆலை ஒன்றில் தரப் பரிசோதகர் பணி. பாதி நாள் ஆலைக்குள் வேலை. மீதி நாள் கிராமங்களில் உள்ள கொள்முதல் நிலையங்களைச் சுற்றி வந்து, அங்கே போடுகிற 'பெர்சென்' சரிதானா என்று பார்க்க வேண்டும்.

ரப்பர் பாலில் பெரும்பகுதி தண்ணீர். நூறு கிலோ பாலில் முப்பது, முப்பத்தைந்து கிலோதான் உலர்ந்த ரப்பர் இருக்கும். பணம் அந்த ரப்பருக்குத்தான். அதனால் கேனை எடைபோட்டதும் ஒரு சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் பால் எடுத்து, காயவைத்து, மறுபடி எடைபோட்டு, எத்தனை சதவீதம் ரப்பர் என்று சீட்டில் எழுதுவார்கள். அதுதான் பெர்சென். வரிசையில் நிற்கிற அத்தனை பேருடைய கண்ணும் அந்தச் சீட்டில்தான் இருக்கும்.

நான் குலசேகரம் பக்கத்துக்காரன். கன்னியாகுமரி மாவட்டத்தில் அந்தப் பக்கம் வளர்ந்த பிள்ளைகளுக்கு ரப்பர் மரமும் பால் பிடிக்கிற சிரட்டையும் உறைந்த ஒட்டுப்பால் நாற்றமும் புதிதல்ல. தாத்தாவுக்கு முக்கால் ஏக்கர் இருந்தது. காலையில் பேப்பர் வந்தால் அவர் முதலில் தேடுவது கோட்டயம் ரப்பர் விலையைத்தான். அதனால் தாய்லாந்து போகும்போது எனக்கு இந்தத் தொழில் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். தெரியாது என்று உணர்த்தியவர்கள் ரத்தபூம் வட்டத்தில் 15 ராய் தோட்டம் வைத்திருந்த ஒரு கணவன் மனைவி. ஒரு ராய் என்பது 1,600 சதுர மீட்டர்; 15 ராய் கிட்டத்தட்ட ஆறு ஏக்கர். ஆயிரம் மரங்களுக்கு மேல். தாய்லாந்து மொழியில் லுங் என்றால் பெரியப்பா, பா என்றால் பெரியம்மா. அவர்களை நான் அப்படித்தான் கூப்பிட்டேன்.

முதன்முதலாக அவர்கள் வீட்டில் தங்கிய இரவு நன்றாக நினைவிருக்கிறது. நள்ளிரவு தாண்டி ஒரு மணி. பா எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, வாசலை ஒட்டி இருந்த மரத்தின் பட்டையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. அப்புறம் லுங்கைப் பார்த்துத் தலையசைத்தார். பட்டை காய்ந்திருந்தால் அன்று வேலை. ஈரமாக இருந்தால் மறுபடி படுக்கை. ஈரப் பட்டையில் வெட்டினால் பால் வெட்டுக்கோட்டில் ஓடிக் கோப்பைக்கு வராது. பட்டை முழுவதும் வெள்ளையாகப் படர்ந்து வேர்வரை வழிந்து வீணாகும்.

ஏன் அந்த நேரத்தில் என்று கேட்டதற்கு லுங், குளிரில்தான் மரம் கொடுக்கும் என்றார். அது உண்மை. இரவில் இலைகள் தண்ணீரை வெளிவிடுவது குறைவு. பட்டைக்குள் இருக்கும் பால்குழல்களில் அழுத்தம் கூடி நிற்கும். வெயில் ஏற ஏற அழுத்தம் குறைந்து பால் சீக்கிரம் நின்றுவிடும். எங்கள் ஊரில் விடியும் முன் தொடங்குவோம். இவர்களோ நடுநிசியில். ஜெபோங் என்று சொல்கிற வளைந்த கத்தியால், பட்டையின் உள்சதையில் காயம் படாமல், காகிதத்தைவிடக் கொஞ்சம் தடிமனாக ஒரு சீவல். ஒரு மரத்துக்குப் பத்து, பதினைந்து விநாடிதான். ஆயிரம் மரத்தை இருவரும் பாதி பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். தோட்டம் முழுக்க இரண்டே இரண்டு விளக்குகள், ஒன்று இந்த ஓரத்தில், ஒன்று அந்த ஓரத்தில். ஐந்து மணிக்கு வெட்டு முடியும். பால் சொட்டி முடிகிற வரை காத்திருந்து, விடிந்ததும் வாளியோடு மறுபடி ஆயிரம் மரம். எட்டு மணிக்குள் மோட்டார் சைக்கிளின் பக்க வண்டியில் கேன்களோடு கொள்முதல் நிலையத்துக்கு வந்துவிடுவார்கள்.

வருடம் முழுக்க இப்படி வெட்ட முடியாது. பிப்ரவரியில் மரம் இலை உதிர்க்கும். புது இலை வந்து முற்றும்வரை, ஏப்ரல்வரைகூட, கத்தி வைப்பதில்லை. மே மாதத்தில் தொடங்கினால் இடையிடையே மழை. அக்டோபர் கடைசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் டிசம்பர்வரை எப்போது விடும் என்று தெரியாது. லுங் வீட்டு நாள்காட்டியில் வெட்டிய இரவுகளுக்கெல்லாம் பென்சிலால் சின்னக் கோடு போட்டிருப்பார். ஓராண்டு முழுக்க எண்ணிப் பார்த்தேன், 130-ஐத் தொடவில்லை. அத்தனை இரவில் வருவதுதான் 365 நாளுக்கும் சாப்பாடு. எங்கள் ஊரில் மழைக்காலத்துக்கு முன்பே மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் பாவாடை கட்டி, மழையிலும் வெட்டுவோம். நான் போன தோட்டங்களில் அதைக் காணவில்லை. லுங்கிடம் சொல்லிப் பார்த்தேன். ஆயிரம் மரத்துக்கும் கட்டுகிற செலவையும் கூலியையும் விரல்விட்டு எண்ணிவிட்டு, விலை நிச்சயம் என்றால் கட்டலாம் என்றார்.

விலை நிச்சயம் என்ற ஒன்று அங்கே இல்லை என்பதை முதல் வருடத்திலேயே பார்த்துவிட்டேன். 2010 நவம்பர் தொடக்கத்தில் ஹாட் யாய் மூழ்கியது. நான் இருந்த வீட்டின் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர். மின்சாரம் இல்லை, கடை இல்லை. கிராமங்களில் பல நாட்கள் யாரும் மரத்தைத் தொடவில்லை. அதே வாரங்களில் ரப்பர் விலை ஏறிக்கொண்டே போனது. பால் இல்லாததால் விலை ஏறுகிறது; விலை ஏறும்போது விற்கப் பால் இல்லை. மழை விட்டு ஓரளவு வெட்டத் தொடங்கினார்கள், இலை உதிர்காலம் வந்துவிட்டது. 2011 பிப்ரவரியில் புகையூட்டிய ஷீட், அதாவது பாலை உறையவைத்துத் தகடாக்கிய ரப்பர், கிலோ 180 பாட்டைத் தொட்டது. அதுவரை யாரும் கண்டிராத விலை. லுங் தோட்டத்தில் மரங்கள் மொட்டையாக நின்றன. அந்த விலையில் ஒரு கேன் பால்கூட அவரால் விற்க முடியவில்லை. மார்ச் மாதம் ஜப்பானில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வந்து கார் ஆலைகள் நின்றதும், சில நாட்களிலேயே விலை சரிந்தது. டோக்கியோ சந்தையில் நடப்பது ரத்தபூமில் மோட்டார் சைக்கிளில் வருகிற கேனுக்கு எப்படித் தெரியும் என்று பா என்னிடம் கேட்டார். எனக்குத் தெரிந்த தாய்லாந்து மொழியில் விளக்கினேன். டயர்தான் ரப்பரை அதிகம் தின்கிறது, கார் ஓடாவிட்டால் டயர் வேண்டாம், டோக்கியோவிலும் சிங்கப்பூரிலும் ஷாங்காயிலும் வரப்போகிற மாதத்து ரப்பருக்கு இன்றே விலை பேசுகிறார்கள், பெட்ரோலிய விலை இறங்கினால் செயற்கை ரப்பர் மலிந்து இயற்கை ரப்பரையும் இழுத்துக்கொண்டு இறங்கும் என்றெல்லாம். பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவர்களில் யாராவது மரத்தைப் பார்த்திருக்கிறார்களா என்று கேட்டார்.

2012-ல் நான் செய்த ஒரு தவறை இங்கே எழுதியாக வேண்டும். இரண்டு வாரம் விடாத மழைக்குப் பிறகு வானம் வெளுத்திருந்த நேரம். பா கொண்டுவந்த பாலில் எப்போதும் 33 வரும். அன்று 28 வந்தது. தண்ணீர் கலந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். கலப்பவர்கள் உண்டு என்பதால் அந்தச் சந்தேகம் எங்கள் வேலையின் ஒரு பகுதி. நீ தண்ணீர் ஊற்றினாயா என்று அவரைக் கேட்க மனம் வரவில்லை. எழுத்தரிடம் மட்டும், இன்னும் இரண்டு குறைத்து 26 போடுங்கள் என்றேன். பா சீட்டை வாங்கிப் பார்த்தார். "இரண்டு வாரம் மழை பெய்ததே தம்பி, மரம் குடித்திருக்கிறது" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

மனது கேட்காமல் மறுநாள் இரவு அவர்கள் தோட்டத்துக்குப் போனேன். மரத்திலிருந்து சொட்டிய பாலை நானே கோப்பையிலிருந்து எடுத்துவந்து காயவைத்துப் பார்த்தேன். 28. மழையில் இழந்த நாட்களை ஈடுகட்ட, அவர்கள் ஐந்து இரவு தொடர்ந்து வெட்டியிருக்கிறார்கள். வழக்கமாக இரண்டு இரவு வெட்டினால் ஓர் இரவு ஓய்வு விடுவார்கள். ஓய்வில்லாத மரம் உள்ளே ரப்பரை மறுபடி சேர்த்துக்கொள்ள நேரமில்லாமல், மண்ணிலிருக்கும் தண்ணீரை இழுத்துப் பாலை நீர்க்கக் கொடுக்கும். இது நான் படித்ததுதான், ஆலையில் புதிதாக வருகிறவர்களுக்குப் பாடமாகச் சொன்னதுதான். வரிசையில் நிற்கிற ஒருவரைப் பார்த்தபோது மட்டும் அது நினைவுக்கு வரவில்லை.

அன்று 90 கிலோ பால். இரண்டு சதவீதம் என்றால் 1.8 கிலோ ரப்பர், அன்றைய விலையில் சுமார் 180 பாட். அடுத்த ஜனவரியில் தாய்லாந்து முழுவதும் நிர்ணயித்த குறைந்தபட்ச தினக்கூலியே 300 பாட்தான். பணத்தைச் சேர்த்துக் கொடுக்கச் செய்து, பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் நோட்டுகளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார். அதன் பிறகு மழை முடிந்த வாரங்களில் எல்லா நிலையங்களிலும், குறைகிற பெர்சென்னைப் பார்த்து யாரையும் தண்டிக்கக் கூடாது, சந்தேகம் வந்தால் தோட்டத்துக்கே போய் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். சில நிலையங்கள் கேட்டன, சில கேட்கவில்லை.

2013-ல் விலை 80 பாட்டுக்குக் கீழே போனது. ஆகஸ்ட் கடைசியில் நகோன் சி தம்மராத் மாகாணத்தின் சா உவாத்தில் விவசாயிகள் நெடுஞ்சாலையையும் ரயில் பாதையையும் மறித்து உட்கார்ந்தார்கள். எங்கள் லாரிகள் சுற்றிப் போயின, சில நாட்கள் போகவே இல்லை. எங்களுக்குச் சிரமம்தான். ஆனாலும் அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். கிலோவுக்கு 120 பாட் கேட்டார்கள். கடைசியில் அரசு கொடுக்க ஒப்புக்கொண்டது ராய்க்கு 2,520 பாட், ஒரு குடும்பத்துக்கு 25 ராய்வரை. அந்தப் பணம் நிலத்தின் பேரில் வந்தது. லுங்குக்குக் கிடைத்தது. பக்கத்துத் தோட்டத்தில் மற்றவர் மரத்தை அறுபதுக்கு நாற்பது பங்கில் வெட்டிக்கொண்டிருந்த பர்மியக் குடும்பம் நிலமில்லாத குடும்பம். விலை விழுந்தால் அவர்களுடைய நாற்பதும் சேர்ந்துதான் விழுகிறது. பின்னால் 2019-ல் ஷீட்டுக்குக் கிலோ 60 பாட் என்று வருமான உறுதித் திட்டம் வந்தபோது, உதவியை உரிமையாளருக்கு அறுபது, வெட்டுபவருக்கு நாற்பது என்று பிரித்தார்கள். முதலிலிருந்தே அப்படிச் செய்திருக்க வேண்டும்.

விலை இறங்கினால் உற்பத்தி குறைந்து மறுபடி ஏறும் என்று பாடப்புத்தகம் சொல்லும். தோட்டத்தில் நான் கண்டது வேறு. கடனும் பள்ளிக் கட்டணமும் இறங்குவதில்லை. அதனால் விலை இறங்கும்போது இரண்டு இரவுக்கு ஓர் ஓய்வு என்பது மூன்று இரவுக்கு, நான்கு இரவுக்கு ஓர் ஓய்வு ஆகிறது. பால் கூடுகிறது, விலை இன்னும் இறங்குகிறது, பட்டை வேகமாகத் தீர்கிறது. சில மரங்களில் பட்டை மரப்பு வந்து பாலே நின்றுவிடுகிறது. இது ஒரு தோட்டத்தின் கதையில்லை. உலகத்தின் இயற்கை ரப்பரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தாய்லாந்தில் விளைகிறது. அதில் பத்தில் ஒன்பதுக்கு மேல் லுங் போன்ற சிறு விவசாயிகளுடையது. இன்னொரு சங்கடம், மரம் பால் தர ஏழு ஆண்டு. விலை நன்றாக இருந்த வருடங்களில் வடகிழக்குத் தாய்லாந்திலும் லாவோசிலும் வியட்நாமிலும் ஐவரி கோஸ்டிலும் நட்ட கன்றுகள் பால் தர வந்தபோது அந்த விலை இல்லை. 'மூன்று கிலோ நூறு' என்று தெற்கே எல்லோரும் சொல்லத் தொடங்கியது அந்தச் சமயத்தில்தான். மீனை, காய்கறியைக் கூவி விற்கிற மாதிரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லுங் என்னைத் திராங் மாகாணத்தின் கன்தாங்குக்குக் கூட்டிப்போனார். 1899-ல் அந்த மாகாணத்தின் ஆளுநராக இருந்த பிராயா ரத்சதா கொண்டுவந்து நட்ட, தாய்லாந்தின் முதல் ரப்பர் மரம் அங்கே சாலையோரம் இன்னும் நிற்கிறது. லுங் அதன் அடிமரத்தில், பா செய்வதுபோலவே, உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். காய்ந்திருக்கிறது என்றார்.

2014 மே மாதம், நான் ஊர் திரும்புவதற்குச் சில வாரம் முன்பு, லுங் தன் தோட்டத்தில் ஐந்து ராய் மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டார். அவருடைய அப்பா நட்ட மரங்கள், முப்பது வயதாகியிருந்தன. பட்டையில் வெட்ட இடமில்லை. தடிகள் மேசை நாற்காலி செய்கிற ஆலைக்கு லாரியில் போயின. மறுநடவுக்கு அரசு அப்போது ராய்க்கு 16,000 பாட் தவணை தவணையாகத் தந்தது, அதற்கு விண்ணப்பித்திருந்தார். அவருக்கு அப்போது 61 வயது. புதுக் கன்று பால் தரும்போது 68.

அன்று சாயங்காலம் குழி வெட்டிய நிலத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு, இந்தத் தொழிலில் இருக்கிறாயே, ஏழு வருடம் கழித்து விலை என்ன இருக்கும் என்று என்னைக் கேட்டார். என் மேசையில் தினமும் மூன்று சந்தைகளின் விலை வரும். எனக்குத் தெரியாது லுங் என்றேன். அவர் தலையாட்டினார். கன்றுகள் வளர்கிற முதல் மூன்று வருடம் வரிசைகளுக்கு நடுவே வெயில் விழும், அதுவரை அன்னாசி போடலாம் என்று சொல்லிவிட்டு, மேற்கே மேகத்தைப் பார்த்துக்கொண்டே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.