சைக்கிள் டைனமோவில் கேட்ட அலிஸ் கூப்பர்

1991இல் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பற்றரியும் கிடைக்காது. விடுதியின் பின் விறாந்தையில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோ வயரை ரேடியோ கசெட்டில் கொழுவி, ஒருவன் கையால் பெடலைச் சுற்றுவான். கை சோர்ந்தால் பாடுகிறவரின் குரல் இழுபடும். அடுத்தவன் மாறிப் பிடித்ததும் திரும்ப எழும்பும். அலிஸ் கூப்பரின் பாட்டுகளை அப்படித்தான் கேட்டோம். வகுப்பு நண்பன் ஒருவனின் அண்ணா கப்பலில் வேலை செய்தவர். முன்னொரு லீவில் அவர் கொண்டுவந்த கசெட் அது.

அலிஸ் கூப்பர் என்பது அந்தப் பாட்டுகள் வந்த காலத்தில் ஓர் ஆளின் பெயரல்ல, ஐந்து பேர் கொண்ட குழுவின் பெயர். அவர்களில் பாடகர் வின்சென்ட் ஃபர்னியர் (பிறகு குழுவின் பெயரே இவர் பெயராகி, கூப்பர் என்றே அறியப்பட்டவர்), டெனிஸ் டனவே, கிளென் பக்ஸ்டன் மூவரும் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் ஒரே பள்ளி மாணவர்கள். 1964இல் பள்ளி மேடையில் பீட்டில்ஸ் மாதிரி வேடம் போட்டுத் தொடங்கியவர்கள். ஒரே பள்ளி நண்பர்கள் என்பதாலேயே எனக்கு அவர்கள் மேல் ஒரு தனிப் பிரியம்.

1970 கடைசியில் வந்த 'ஐ ஆம் எய்ட்டீன்' அவர்களின் முதல் வெற்றிப் பாட்டு. பிள்ளையுமில்லாமல் பெரியவனுமில்லாமல் நடுவில் நிற்கிற குழப்பத்தைக் கரகரத்த குரலில் பாடுகிறார். எங்களுக்கும் அப்போது பதினெட்டுத்தான். ஆங்கிலம் பாதி விளங்காவிட்டாலும் அந்தக் குரல் விளங்கியது.

'டெட் பேபீஸ்' என்ற பாட்டுக்குத்தான் அவர்கள் வாங்கிய ஏச்சு அதிகம். மேடையில் பொம்மைகளை வெட்டினார்கள், அது உண்மை. ஆனால் பாட்டைக் கவனமாகக் கேளுங்கள். பெற்றோர் கவனிக்காமல் விட்ட ஒரு சின்னப் பெண் அஸ்பிரின் குளிசைகளை விழுங்கிச் சாகிற கதை அது. பொம்மையை வெட்டிய குற்றத்துக்கு அந்த மேடையிலேயே கூப்பரைத் தூக்கில் போடுவதாக நடிப்பார்கள். அதை வெறும் கொடூரம் என்று தள்ள என்னால் முடியவில்லை.

அப்புறம், 1972இல் வந்த 'ஸ்கூல்ஸ் அவுட்'. பள்ளியின் கடைசி நாளில் மணியடிக்கக் காத்திருக்கும் கடைசி மூன்று நிமிடங்களைப் பாட்டாக்க நினைத்தேன் என்று கூப்பர் பலமுறை சொல்லியிருக்கிறார். பிரிட்டனில் அது முதலிடத்துக்கு வந்தது. அங்கே மேரி வைட்ஹவுஸ் என்ற அம்மையார் அதைத் தடைசெய்யச் சொல்லிப் போராட, கூப்பர் அவருக்குப் பூங்கொத்து அனுப்பினார்.

அந்தப் பாட்டில், பள்ளிக்கூடம் வெடித்துச் சிதறிவிட்டது என்று ஒரு வரி வரும். பீனிக்ஸ் பிள்ளைகளுக்கு அது கற்பனை. எங்கள் விஞ்ஞானகூடத்தின் கூரையோ அப்போது ஷெல் விழுந்து திறந்து கிடந்தது. பாட்டு முழுக்கக் கத்திக் கத்திப் பாடுகிற நாங்கள் அந்த வரி வரும்போது மட்டும் வாய் திறப்பதில்லை. ஒருவரும் சொல்லிவைத்துச் செய்ததல்ல. பெடல் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

ரொறன்ரோவுக்கு வந்தபின் ஒரு பழைய இசைத்தட்டுக் கடையில் 'ஸ்கூல்ஸ் அவுட்' அல்பத்தின் உறையைக் கண்டேன். மூடி திறக்கும் பள்ளி மேசை மாதிரியே செய்திருந்தார்கள். மேலே கத்தியால் கீறிய எழுத்துகள். நாங்களும் கொம்பாஸ் முனையால் அப்படித்தானே கீறினோம். கடைக்காரர் கேட்ட விலையை அப்படியே கொடுத்து வாங்கிவிட்டேன்.

இங்கே புளோர் வீதியில் வார்சிட்டி மைதானத்தைத் தாண்டும்போதெல்லாம் அவர்கள் நினைவுதான். 1969 செப்டம்பர் 13ஆம் தேதி அங்கே நடந்த நிகழ்ச்சியில் மேடைக்கு ஒரு கோழி வந்தது. பறக்கும் என்று நினைத்துக் கூப்பர் அதைக் கூட்டத்தை நோக்கி எறிந்தார். கூட்டம் அதைப் பிய்த்தது. கோழியின் தலையைக் கடித்தவர் கூப்பர் என்று கதை பரவியது. அந்தக் கதை அவரை இன்றுவரை விடவில்லை.

'ஸ்கூல்ஸ் அவுட்' பள்ளி மணியோடு முடியும். எங்கள் விறாந்தையில் அந்த மணியும் கை சோர்ந்து இழுபட்டே ஒலித்தது. அந்தக் கசெட்டின் மட்டையில் நீல மையால் 'ஆங்கிலம் 3' என்று எழுதியிருக்கும். உயர்தரப் பரீட்சைக்கு முந்திய வாரம் யாரோ இரவல் வாங்கிப் போனீர்கள். இதை வாசித்தால் பழைய மாணவர் சங்கச் செயலாளரிடம் ஒரு சொல் சொல்லிவிடுங்கள்.