கிராங்க் அளவும் பேரிங் நம்பரும்: எம்.எம்.வி. படிப்பவர்களுக்கு என் அனுபவம்

ஐ.டி.ஐ.யில் எம்.எம்.வி. (மோட்டார் வண்டி மெக்கானிக் படிப்பு) இரண்டாம் வருடம். பகலில் வகுப்பு, மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஒரு புல்லட் பட்டறை. பழைய எஞ்சின்களைப் பிரித்துக் கழுவியே கை காய்த்துப் போயிருந்தது. அதனால் பிராக்டிகலில் கிராங்க் ஷாஃப்ட் (பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) அளக்கச் சொன்னால் முழு மதிப்பெண் எனக்குத்தான் என்று நம்பியிருந்தேன்.

மாதிரித் தேர்வில் அதே வேலைதான் வந்தது. ஒரு கார் எஞ்சினின் கிராங்க். ஒவ்வொரு பின்னிலும் (பிஸ்டனிலிருந்து வரும் கனெக்டிங் ராடு பிடிக்கும் உருண்டைப் பகுதி) நான்கு அளவு எடுத்து, ஓவாலிட்டி (வட்டம் நீள்வட்டமாகத் தேய்ந்தது), டேப்பர் (ஒரு முனை சிறுத்தது) கணக்குப் போட்டு, கிரைண்டிங் தேவையில்லை என்று எழுதிக் கொடுத்தேன். பாதி மதிப்பெண்கூட வரவில்லை. நான் எடுத்த கருவி 25 முதல் 50 மி.மீ. வரை அளக்கும் மைக்ரோமீட்டர். அதைச் சரிபார்க்கும் 25 மி.மீ. ராடு பெட்டிக்குள்ளேயே இருந்தது, நான் தொடவே இல்லை. ஆசிரியர் அதை வைத்துக் காட்டினார்: 25.02. நான் 44.88 என்று எழுதிய இடமெல்லாம் உண்மையில் 44.86. ஓவாலிட்டியும் டேப்பரும் சரியாகத்தான் இருந்தன, ஏனென்றால் இரண்டுமே கழித்தல், ஜீரோ எரர் (கருவியே காட்டும் பிழை, இங்கே 0.02) அதில் அடிபட்டுப் போகும். பின்னின் விட்டம் தப்பு, அதை வைத்து எடுத்த முடிவும் தப்பு. அன்றிலிருந்து எந்த அளவை எழுதினாலும் தாளின் முதல் வரி ஜீரோ எரர்தான். நீங்களும் அப்படியே பழகுங்கள்.

அளக்கும் முறையில் சில விஷயங்கள் புத்தகத்தில் ஒரு வரியாகப் போய்விடும், கையில் வர நாளாகும். மண்ணெண்ணெயில் கழுவிய பின்னைக் காட்டன் வேஸ்ட்டால் துடைத்தால் நூல் ஒட்டிக்கொள்ளும், அதுவே அளவைக் கெடுக்கும். நைந்த பனியன் துணி நல்லது. மைக்ரோமீட்டர் முனையிலுள்ள ராட்செட் குமிழை மட்டும் திருப்புங்கள், மூன்று கிளிக் போதும். திம்பிளை (அளவு பொறித்த சுழல் உருளை) பிடித்து இறுக்கினால் ஒவ்வொருவர் கைக்கும் ஒவ்வோர் அளவு வரும். ஆயில் ஹோல் மேல் வைக்காதீர்கள், ஓரத்து வளைவின் மேலும் வைக்காதீர்கள். இரண்டு இடம், ஒவ்வோர் இடத்திலும் 90 டிகிரி திருப்பி இரண்டு திசை. ஒரே இடத்தில் இரண்டு திசைக்கும் உள்ள வித்தியாசம் ஓவாலிட்டி. ஒரே திசையில் இரண்டு இடத்துக்கும் உள்ள வித்தியாசம் டேப்பர். பெட்ரோலில் கழுவி வெயிலில் காய வைத்த கிராங்கை அப்படியே எடுத்து அளக்கவும் கூடாது. இரும்பு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரியில் சுமார் 0.011 மி.மீ. நீளும், 45 மி.மீ. பின் 20 டிகிரி சூடாக இருந்தால் கிட்டத்தட்ட ஒரு கோடு (0.01 மி.மீ.) கூடுதலாகக் காட்டும்.

பின் ஏன் நீள்வட்டமாகத் தேய்கிறது என்று வாய்மொழியில் கேட்பார்கள். பின் கிராங்கோடு சேர்ந்தே சுற்றுகிறது. ஒவ்வொரு வெடிப்பின் அடியும் கிராங்க் ஏறக்குறைய அதே கோணத்தில் நிற்கும்போதுதான் விழும். ஆகவே பின்னின் அதே பக்கம்தான் திரும்பத் திரும்ப அடி வாங்குகிறது. இப்படிச் சொன்னால் மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

பரீட்சைக்கு வரும் கார் கிராங்க் ஒரே துண்டு. பழைய ஆர்எக்ஸ் 100, யெஸ்டி, புல்லட் எல்லாம் அப்படியல்ல: இரண்டு பக்கமும் கனமான வட்ட வீல், நடுவில் பின், கனெக்டிங் ராடு, எல்லாம் சேர்த்துப் பூட்டியது. பிரித்தால்தான் பின்னை அளக்க முடியும். பிரித்துச் சேர்த்தால் சென்டர், அதாவது இரு பக்கத் தண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்கிறதா என்று, பார்த்தே ஆக வேண்டும். இரண்டு முனையையும் சென்டரில் பிடித்து டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் கருவி) வைத்து மெதுவாகச் சுற்றுங்கள். முள் 0.08 ஆடினால் ஷாஃப்ட் விலகியிருப்பது 0.04, ஏனென்றால் மேலே போனதையும் கீழே வந்ததையும் முள் சேர்த்துக் காட்டுகிறது. மேனுவல் கொடுக்கும் எல்லை முள்ளின் மொத்த ஆட்டத்துக்கா, விலகலுக்கா என்று படித்துப் பார்த்துவிட்டுத் தட்டுங்கள். நான் முதல் தடவை சேர்த்த கிராங்கைச் சரி செய்ய ஒரு முழு மாலை ஆனது. மாஸ்டர் பித்தளைச் சுத்தியைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், ஒரு தடவைகூட வாங்கித் தட்டவில்லை. அந்தப் பொறுமைக்கு இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

இனி பேரிங், அதாவது ஷாஃப்ட்டைத் தாங்கி லேசாகச் சுற்ற விடும் வளையம். இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள், நானும் சறுக்கியிருக்கிறேன். ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி. கழற்றிய பேரிங்கில் 6305 என்று இருந்தது, அதே நம்பரை வாங்கி வந்து போட்டேன். ஷாஃப்ட்டில் கையாலேயே வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. சுலபமாகப் போகிறதே என்று சந்தோஷப்பட்டேன். இரண்டு மாதத்தில் வண்டி ஊளையிட்டுக்கொண்டு திரும்பி வந்தது. பிரித்தால், பேரிங் உட்காரும் இடம் கண்ணாடி மாதிரி மின்னியது. உள் வளையம் ஷாஃப்ட்டோடு சுற்றாமல் ஷாஃப்ட்டின் மேலேயே சுற்றியிருக்கிறது. அளந்தேன்: 24.96. அந்த இடம் 25.00-க்கு ஒரு மயிரிழை கூடுதலாக இருந்தால்தான் பேரிங் இறுகிப் பிடிக்கும். புதுப் பேரிங் வாங்குவதற்கு முன்பே இதை அளந்திருக்க வேண்டும். தேய்ந்த இடத்தில் சென்டர் பஞ்சால் புள்ளி குத்தி ஏற்றிப் போடுவார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தப் புள்ளிகள் சீக்கிரமே மழுங்கி பேரிங் மறுபடி லூஸாகும்.

நம்பரைப் படிக்கத் தெரிந்தால் கடையில் ஏமாற மாட்டீர்கள். 6305-ல் கடைசி 05-ஐ ஐந்தால் பெருக்கினால் 25, அதுதான் உள் விட்டம். இந்தக் கணக்கு 04-லிருந்துதான், 00 முதல் 03 வரை 10, 12, 15, 17 என்று தனி. 6205-க்கும் உள் விட்டம் 25தான், ஆனால் வெளி விட்டம் 52, அகலம் 15. 6305-க்கு 62, 17. நம்பருக்குப் பின்னால் சி3 இருக்கிறதா என்று பாருங்கள். இறுக்கிப் பொருத்தும்போது உள் வளையம் விரிகிறது, எஞ்சின் சூட்டில் இன்னும் விரிகிறது, அதற்கு இடம் விட்டுச் செய்ததுதான் சி3. பழையதில் சி3 இருந்து, கடையில் சாதாரணத்தைக் கொடுத்தால் திருப்பிக் கொடுங்கள். ரோலர் பேரிங்கில் (குண்டுக்குப் பதில் உருளை உள்ளது) என்யு, என்ஜே என்ற இரண்டு வகையும் ஒன்றல்ல. என்யு-வில் உள் வளையத்துக்கு விளிம்பே கிடையாது, என்ஜே-வில் ஒரு பக்கம் உண்டு. மாற்றிப் போட்டால் ஷாஃப்ட்டின் பக்கவாட்டு ஆட்டம் கெடும்.

பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் ஓர் அங்குல ஷாஃப்ட் வரலாம், அதாவது 25.4 மி.மீ. அதற்கு 25 மி.மீ. பேரிங்கை எந்தச் சுத்தியாலும் ஏற்ற முடியாது. ஷாஃப்ட்டைக் கடைந்து குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அங்குல அளவு பேரிங் இன்றும் செய்கிறார்கள், ஆர்டர் கொடுத்துக் காத்திருக்கலாம்.

சென்னையில் ஜி.பி. ரோட்டில் உதிரி பாகம் கிடைக்கும், புதுப்பேட்டையில் பிரித்த வண்டிச் சாமான் கிடைக்கும். பழைய கேஸ் (எஞ்சினின் வெளிக்கூடு), வீல் அங்கே தேடலாம். பேரிங்கை மட்டும் அங்கே தேட வேண்டாம், சீல் உடைக்காத புதுப் பெட்டியாக, பில்லோடு, பேரிங் செய்யும் நிறுவனத்தின் டீலரிடமே வாங்குங்கள். போலிப் பெட்டிகளும் அச்சு அசலாக வருகின்றன. சரிபார்ப்பதற்கென்றே எஸ்.கே.எஃப். என்ற பேரிங் நிறுவனம் தனியாக ஒரு செயலி வைத்திருக்கிறது.

கடைக்குப் போகும்போது பழைய பேரிங்கைக் கையில் எடுத்துப் போங்கள், கூடவே ஒரு சீட்டு: ஷாஃப்ட்டின் அளவு, கேஸ் துளையின் அளவு, மைக்ரோமீட்டரின் ஜீரோ எரர். இறுதித் தேர்வில் என் தாளின் முதல் வரியைத் தேர்வாளர் விரலால் தொட்டுவிட்டு, ராடைத் தானே எடுத்து மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தார். நான் எழுதிய அதே 0.01 தான் காட்டியது. அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.