ஐயாவின் இருபத்தெட்டு நாள்கள்

2024 மே 5, ஞாயிறு

வட்டக்கச்சியிலிருந்து ஐயாவைக் கூட்டிக்கொண்டு மல்லாகத்தில் சித்தி வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். நாள்தோறும் ஆனையிறவு தாண்டித் தெல்லிப்பளை ஆஸ்பத்திரிக்குப் போய்வர அவருடைய உடம்பு இடங்கொடாது. மலக்குடலில் புற்றுநோய் என்று அறியாமல், மலத்தோடு இரத்தம் போனதை மூலம் என்று எண்ணி எட்டு மாதங்கள் நாட்டு மருந்து குடித்ததை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு எரிகிறது.

மே 6, திங்கள்

வைத்தியர் பொறுமையாக விளக்கினார். மொத்தம் 50.4 கிரே (கதிரை அளக்கும் அலகு) கதிர், திங்கள் முதல் வெள்ளி வரை, 28 முறை. அந்த நாள்களில் காலையும் இரவும் சாப்பிட்டு அரை மணித்தியாலத்துக்குள் கபெசிற்றபீன் குளிசை. அது உடம்புக்குள் வேறொரு மருந்தாக மாறி, கதிர் பட்டுச் சிதைந்த புற்றுக்கலங்கள் தம்மைத் திருத்திக்கொள்ளவிடாமல் தடுக்கிறதாம். பெருங்குடலின் மேற்பகுதிகள் வயிற்றுக்குள் அசைவதால் அங்கே வரும் புற்றுக்கு வழக்கமாகக் கதிர் கொடுப்பதில்லை. மலக்குடலோ இடுப்பெலும்புக் கூட்டுக்குள் ஒரே இடத்தில் இருக்கிறது, அந்த ஒடுங்கிய இடத்தில் கட்டியை மிச்சமில்லாமல் வெட்டி எடுப்பதும் கடினம். "முதலே வெட்டிப்போட்டால் என்ன?" என்று ஐயா கேட்டார். 2004இல் வெளியான ஜெர்மானிய ஆய்வொன்றில், கதிரும் மருந்தும் சேர்ந்த இரட்டைச் சிகிச்சையைச் சத்திரசிகிச்சைக்கு முன்னர் பெற்றவர்களில் ஐந்தாண்டுகளுக்குள் 6 வீதத்தினருக்கும், பின்னர் பெற்றவர்களில் 13 வீதத்தினருக்கும் கட்டி அதே இடத்தில் திரும்பியிருந்தது. ஆயுளில் வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் வைத்தியர் மறைக்கவில்லை. அந்த நேர்மைதான் எனக்குத் தைரியம் தந்தது.

மே 22, புதன்

13 முறை முடிந்தது; இனி வெசாக் விடுமுறை. கதிருக்கு முன் தண்ணீர் குடித்துச் சலப்பையை நிரப்பினால் சிறுகுடல் மேலே விலகும் என்பதால், ஐயா செம்போடு காத்திருப்பார். வயிற்றோட்டம் தொடங்கிவிட்டது. இரணைமடுத் தண்ணீர் வயலுக்கு வந்ததா என்று தம்பியிடம் கேட்க மட்டும் மறப்பதில்லை.

யூன் 6, வியாழன்

குளிசையின் பக்கவிளைவாக, மண்வெட்டி பிடித்துக் காய்ப்பேறிய உள்ளங்கை சிவந்து, காய்ப்பின் ஓரத்தில் தோல் உரிகிறது. குளிசையை நிறுத்திவிடுவார்களோ என்று மூன்று நாள்களாகக் கையைப் பொத்தி வைத்திருந்திருக்கிறார். வைத்தியர் விரல் விரலாகப் பார்த்துவிட்டு, பூசுவதற்குக் கிறீம் எழுதிக்கொடுத்து, குளிசையைத் தொடரச் சொன்னார். இப்படியானவற்றை அன்றன்றே சொல்லிவிட வேண்டும்; முற்றவிட்டால்தான் உண்மையில் நிறுத்த நேரிடும்.

யூன் 14, வெள்ளி

இருபத்தெட்டும் முடிந்தது. கதிரைக் குறி வைக்க இடுப்பில் இட்ட மை அடையாளங்கள் இன்னும் அழியவில்லை. கதிர் நின்ற பிறகும் கட்டி சுருங்கிக்கொண்டே போகும் என்பதால், எட்டுக் கிழமைகள் கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டுச் சத்திரசிகிச்சைக்கு நாள் குறிப்பார்களாம். சில மாதங்கள் வயிற்றில் மலம் சேரும் பை வைக்கவும் நேரலாம். எல்லாவற்றையும் கேட்டிருந்துவிட்டு, "காலபோக விதைப்புக்கு நான் வயலில நிக்கலாமோ, பிள்ளை?" என்றார் ஐயா. அடுத்த கிளினிக்கில் கேட்க வேண்டியவற்றில் அதையும் எழுதிக்கொண்டேன்.