நீ கேட்கிற காரியம் என்ன?

வருடாந்திர மதிப்பீட்டுக் கூட்டத்தில் மேலாளர் கேட்டார்: "அடுத்த இரண்டு வருஷத்தில் எங்கே இருக்கணும்னு நினைக்கிறீங்க?"

அந்தக் கேள்விக்காகத்தான் ஏழெட்டு மாதமாக ஜெபித்துக்கொண்டிருந்தேன். பில் சரிபார்க்கும் மேசையிலிருந்து உள் தணிக்கைப் பிரிவுக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை. தினமும் விடியற்காலையில் முழங்காலில் நின்று கேட்ட காரியம். ஆனால் வாய் திறந்தபோது வந்தது வேறு. "எதைக் கொடுத்தாலும் செய்றேன் சார்." அவர் படிவத்தில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

வெளியே வந்தபோது அதைத் தாழ்மை என்றே நம்பினேன். நாமாகக் கேட்டால் அது சுயமாகிவிடும், கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்ற எண்ணம். சபையில் வளர்ந்த பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு. தணிக்கைப் பிரிவில் காலியாக இருந்த இடம் இரண்டு வாரத்தில் இன்னொருவருக்குப் போனது. அவர் கேட்டிருந்தார், அவ்வளவுதான்.

அந்த நாட்களில் வேதாகமத்தின் நெகேமியா புத்தகத்தை மறுபடி எடுத்தேன். இந்த முறை அதை, இன்னொருவரிடம் வேலை பார்க்கும் ஒருவரின் அனுபவமாகப் படித்தேன். அர்தசஷ்டா ராஜாவிடம் பானபாத்திரக்காரனாக, அதாவது ராஜாவுக்குத் திராட்சரசம் பரிமாறுகிறவராக, வேலை பார்த்தவர் நெகேமியா. எருசலேமின் அலங்கம், அதாவது நகரத்து மதில், இடிந்து கிடப்பதைக் கிஸ்லேயு மாதத்தில் கேள்விப்படுகிறார். அழுகிறார், உபவாசிக்கிறார், ஜெபிக்கிறார். ராஜாவிடம் பேச வாய்ப்பு கிடைப்பது நிசான் மாதத்தில், ஏறக்குறைய 4 மாதம் கழித்து. "நீ கேட்கிற காரியம் என்ன?" என்று ராஜா கேட்கிறார். நின்ற இடத்திலேயே தேவனை நோக்கி ஜெபித்துவிட்டு நெகேமியா பேச ஆரம்பிக்கிறார். எப்போது திரும்புவேன் என்று காலம் குறிக்கிறார். வழியில் இருக்கும் அதிபதிகளுக்குக் கடிதம் கேட்கிறார். வாசல்களுக்கும் அலங்கத்துக்கும் மரம் வேண்டும், அதற்கு ராஜாவின் வனத்தைக் காக்கும் ஆசாப்புக்கு ஒரு கடிதம் வேண்டும் என்கிறார்.

ஆசாப் என்ற அந்தப் பெயரில்தான் நான் நின்றுவிட்டேன். மரம் யார் பொறுப்பில் இருக்கிறது என்பதுவரை தெரிந்து வைத்திருக்கிறார்! முழங்காலில் நின்ற அந்த 4 மாதத்தில் கணக்கும் போட்டிருக்கிறார். அலங்கம் 52 நாளில் முடிந்ததை நாம் சாட்சியாகச் சொல்கிறோம். அதற்கு முன் நடந்த இந்தத் தயாரிப்பைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறோம். என் ஜெபத்தில் ஆசாப் என்று யாருமே இல்லை. தணிக்கை வேலைக்கு எந்தத் தேர்வு எழுத வேண்டும், அங்கே யாரிடம் விசாரிக்க வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரியாது.

சரி, எழுதிப் பார்ப்போம் என்று ஒரு நோட்டை எடுத்தேன். தேர்வு, படிக்கும் நேரம், பேச வேண்டிய ஆட்கள் எல்லாம் சுலபமாக வந்தன. 'ஏன்?' என்று ஒரு வரி போட்டதும் பேனா நின்றது. ஒரு காரணம் உடனே வந்தது: கணக்கில் தப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவது எனக்கு உண்மையிலேயே பிடிக்கும், அந்தத் திறமை தேவன் கொடுத்தது. இரண்டாவது காரணத்தை எழுத ரொம்ப நேரமாயிற்று. என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் எனக்கு மேலே போய்விட்டார்கள், அவர்கள் முன்னால் தலைநிமிர வேண்டும். முதல் காரணத்தைச் சத்தமாக ஜெபிக்க முடிந்தது. இரண்டாவதை முடியவில்லை. எரேமியா தீர்க்கதரிசியின் எழுத்தனான பாருக்கிடம் கர்த்தர், நீ உனக்குப் பெரிய காரியங்களைத் தேடுகிறாயோ என்று கேட்டது அப்போது நினைவுக்கு வந்தது. ஆசையை விடச் சொல்லி அது என்னிடம் கேட்டதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த 'உனக்கு' என்ற சொல்தான் குத்தியது.

அடுத்த மதிப்பீட்டில் கையில் ஒரு தாளோடு போனேன். பதில் சொல்வதற்கு முன் ஒரு மூச்சு நேரம் உள்ளுக்குள் ஜெபித்தேன். அப்புறம் கேட்டேன். இடம் காலி இல்லை, ஆனால் காலாண்டு இருப்பு எண்ணிக்கைக்குத் தணிக்கைக் குழுவோடு போகலாம் என்றார் மேலாளர். 'ஆண்டவருக்குச் சித்தமானால்' என்று யாக்கோபு தன் நிருபத்தில் சொல்லச் சொன்ன வார்த்தை, திட்டத்தோடு போய் நிற்கும்போதுதான் எனக்குக் கனமாகத் தெரிந்தது.

இதுவரை மூன்று எண்ணிக்கைக்குப் போய்விட்டேன். கிடங்கில் பெட்டி பெட்டியாக எண்ணி, தாளோடு ஒத்துப்பார்த்து, வித்தியாசம் வரும் இடத்தில் பென்சிலால் வட்டம் போடும்போது நேரம் போவதே தெரியாது. அந்தப் பிரிவில் இடம் இன்னும் காலியாகவில்லை. நோட்டில் இருக்கும் இரண்டாவது காரணத்தையும் நான் இன்னும் அடிக்கவில்லை. அடித்துவிட்டேன் என்று பொய் சொல்ல மனமில்லை. தினமும் காலையில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் ஜெபிக்கிறேன்.