4 தெரு, 8 கேமரா, 14 மாத அலைச்சல்

எதிர்வீட்டு அக்கா குலதெய்வம் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது பின்கதவு பெயர்ந்து கிடந்தது. பீரோவில் இருந்த 11 சவரனைக் காணோம். நான்தான் கூட ஸ்டேஷனுக்குப் போனேன். "உங்க தெருவுல மேற்கு வரிசைதான் எங்களுக்கு, கிழக்கு வரிசை அடுத்த ஸ்டேஷன்" என்றார்கள். அங்கே போனால், "எங்க எல்லை கால்வாயோட முடியுது" என்றார்கள். இரண்டு இடத்திலும் பெஞ்சில் உட்கார்ந்து அக்கா அழுதது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. புகாரை வாங்க வைப்பதற்குள் இருட்டிவிட்டது.

குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. எஃப்.ஐ.ஆர். நகலையும் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும். அன்றைக்கு இது தெரியாமல் போய்விட்டது. நீங்களாவது தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வாரமே 4 தெருக்காரர்களும் கூடி, சங்கம் ஆரம்பிப்பது, கேமரா போடுவது, இரவில் முறைவைத்துச் சுற்றுவது என்று முடிவு செய்தோம். சங்கங்கள் பதிவுச் சட்டப்படி 7 பேர் இருந்தால் போதும். ஆள் சேர்ப்பதில் சிரமம் இல்லை, முகவரிச் சான்றில்தான் மாட்டிக்கொண்டோம். சங்கத்துக்கு இடம் கொடுத்தவரின் வீட்டுவரி ரசீது, காலமான அவருடைய அப்பா பெயரிலேயே இருந்தது. பதிவு அலுவலகத்தில் முதல் தடவை அதைச் சொல்லாமல் "அப்புறம் வாங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். மூன்றாவது தடவைதான் காரணமே தெரிந்தது. வரி ரசீது யார் பெயரில் இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் அந்த வீட்டை முகவரியாகப் போடுங்கள்.

கேமராவுக்கு வசூல் மளமளவென்று முடிந்தது, 8 மாட்டினோம். நான்காவது மாதம் ஒரு பைக் காணாமல் போனது. இந்தத் தடவை ஆள் சிக்கிவிடுவான் என்று தைரியமாக இருந்தோம். பதிவைப் பார்க்க வந்த ஏட்டு, அன்றைய தேதியைப் போட்டுத் தேடினால் ஒன்றுமே வரவில்லை. திரையின் மூலையைத் தொட்டுக் காட்டினார்: 01-01-2000. கேமரா பதிவைச் சேமிக்கும் பெட்டிக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரி செத்துப்போய், மின்சாரம் போய் வந்த ஒவ்வொரு முறையும் கடிகாரம் பழையபடி தொடக்கத்துக்கே போயிருக்கிறது. ஒருவழியாகத் தேடிப் பிடித்தால், பைக் போன நேரத்தில் திரை முழுக்க வெள்ளை வெளேரென்று இழை இழையாக ஆடிக்கொண்டிருந்தது. கேமராவின் வாயில் சிலந்தி வலை கட்டியிருக்கிறது. பகலில் கண்ணுக்கே தெரியாத வலை, இரவில் அகச்சிவப்பு வெளிச்சம் பட்டதும் படத்தையே மறைத்துவிடுகிறது. இவ்வளவு செலவழித்தும் பைக்கைப் பறிகொடுத்த தம்பிக்கு எங்களால் ஒரு முகத்தைக்கூடக் காட்ட முடியவில்லை. கோர்ட்டுக்குப் போகும் பதிவுக்கு, புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேறு வேண்டும். தேதியே தப்பாக இருக்கும் பதிவுக்கு எந்த நம்பிக்கையில் கையெழுத்துப் போடுவது? இப்போது ஞாயிறுதோறும் ஒருவர் ஒட்டடைக்கம்போடு 8 கேமராவையும் துடைத்து, கைபேசியில் நேரத்தை ஒத்துப் பார்த்து நோட்டில் எழுதுகிறார்.

இதையெல்லாம்விட என்னை உலுக்கியது வேறு. ரோந்து போகிறவர்களுக்கு அடையாள அட்டை கேட்டபோது இன்ஸ்பெக்டர் மறுத்துவிட்டார். 2020-ல் சாத்தான்குளம் தந்தை, மகன் மரணத்துக்குப் பிறகு போலீசுக்கு உதவிய தன்னார்வலர்களின் 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' அமைப்பையே அரசு தடை செய்ததை நினைவுபடுத்தி, "டார்ச்சும் விசிலும் போதும், கையில கம்பு இருக்கக் கூடாது" என்றார். எங்களுக்கு அப்போது கோபம்தான் வந்தது.

ஒரு நாள் இரவு ஒன்றரை மணிக்கு விசில் சத்தம் கேட்டு ஓடினேன். எங்கள் பையன்கள் 5 பேர் ஒரு வடமாநிலத் தம்பியைச் சுவரோடு நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒருவன் அறைந்தும் விட்டான். அந்தத் தம்பியின் பையைக் கொட்டினால், ஈரச் சீருடையும் பாதி சாப்பிட்ட சோற்று டப்பாவும்தான் விழுந்தன. ஷிஃப்ட் முடிந்து வந்தவன். இரண்டு வருடமாகப் பின்தெருவில்தான் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான், எங்களில் ஒருவருக்கும் அவனைத் தெரியவில்லை. கீழே சிந்திய சோற்றை அவன் கையால் வாரி டப்பாவுக்குள் போட்டபோது எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது.

மறுநாள் அவன் அறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அறைந்தவனை ரோந்திலிருந்து நீக்கினோம். அவன் பொருளாளரின் மகன், அவரும் சங்கத்தை விட்டு விலகினார். விலகட்டும். கண்ணெதிரே ஜாமீன் இல்லாத பெரிய குற்றம் செய்பவனையோ, தேடப்படும் குற்றவாளி என்று கோர்ட் அறிவித்தவனையோதான் பொதுமக்கள் பிடிக்கலாம், பிடித்தாலும் தாமதிக்காமல், அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைக்க வேண்டும். சந்தேகம் என்றால் 112 அல்லது 100-க்குக் கூப்பிடுவது, யார் மேலும் கை வைக்கக் கூடாது என்று எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினோம். வாடகை அறைகளில் இருக்கும் தம்பிகளின் எண்களையும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தோம். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

எல்லைத் தகராறு மட்டும் பாக்கி இருந்தது. இரண்டு ஸ்டேஷன்காரர்களும் அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டதால், எங்கள் முனையில் ரோந்து வரும் போலீஸ்காரர்கள் நேரத்தை எழுதிக் கையெழுத்திடும் பட்டா புத்தகமே இல்லை. எந்தெந்த வீடு எந்த ஸ்டேஷன் என்று கதவெண்ணோடு வரைபடம் போட்டு, மேலதிகாரியிடம் மனு கொடுத்தோம். மூன்று முறை நினைவூட்டியும் போனோம். போன மாதம் மேற்கு முனையில் ஒன்று, கிழக்கு முனையில் ஒன்று என அந்தப் புத்தகத்தோடு இரண்டு பெட்டிகள் மாட்டினார்கள்.

இப்போது காலையில் பால் வாங்கப் போகும்போது இரண்டையும் திறந்து பார்த்துவிடுகிறேன். இன்று கையெழுத்து மேற்கில் இரவு 2.20-க்கு, கிழக்கில் 3.05-க்கு. அக்கா வெளியூர் போவதென்றால் இப்போது இரண்டு ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறார்.